ஒற்றை டிக்

அவனியாபுரம்,
9-9-2024

அன்பு மகன் கிளமெண்டுக்கு அப்பா தனிஸ்லாஸ் எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். இங்கே நானும் உன் அம்மா ஆனிமேரியும் ஆண்டவர் அருளால் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்கு மறுமொழி எழுதவும்.

நீ ஜெர்மனி போய்ச் சேர்ந்து மூன்று வாரம் முடிந்துவிட்டது. புறப்படும் அன்று ஏர்போர்ட் வாசலில், "அப்பா, அங்க டேட்டாக்குப் பயங்கரக் காசு. போன ஆஃப் பண்ணித்தான் வச்சிருப்பேன். எதுனாலும் லெட்டர் போடுங்க" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். ஆனால் நான் அனுப்பிய பதினாறு வாட்ஸப் செய்திக்கும் ஒற்றை டிக்தான் நிற்கிறது. கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பதாகப் பதிவு செய்த குரல் சொல்கிறது. ஆகவே நீ எழுதிக் கொடுத்த விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் கடிதம் எழுதியவனுக்கு இது ஒரு சிரமம் இல்லை.

பஸ் ஸ்டாப் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் கருத்தக்கண்ணனிடம் உன் விஷயமாக விசாரித்தேன். அவன் ஒரு கதை சொன்னான். உசிலம்பட்டி டீச்சர் ஒருவர் நான்கு நாள் துபாய் போயிருக்கிறார். எடுத்த படத்தையெல்லாம் போன் தானாகவே எங்கோ ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. திரும்பி வந்தால் நாற்பத்திரண்டாயிரம் பில். "அந்தம்மா ஒரு கால்கூடப் பேசல கிளார்க் சார். போன் பைக்குள்ளதான் கெடந்துச்சு. ரோமிங்க அமத்தாமப் போயிட்டாங்க, அம்புட்டுத்தான்" என்றான்.

ஆகவே செட்டிங்ஸில் டேட்டா ரோமிங் அணைத்திருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பார். வாட்ஸப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்காதபடி நிறுத்தி வை. ஆப்கள் வைஃபை இருக்கும்போது மட்டும் புதுப்பித்துக்கொள்ளும்படி மாற்று. இதெல்லாம் செய்துவிட்டால் போனைத் தைரியமாக ஆன் செய்யலாம் என்கிறான்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? ஒரு ஆளுக்குச் சமைப்பது வீண் வேலை. பருப்புப்பொடி அனுப்பட்டுமா?

ஆசிகளுடன்,
அப்பா

கான்ஸ்டன்ஸ், ஜெர்மனி,
30-9-2024

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

வணக்கம். நானும் பாண்டிமீனாவும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் வந்தது. இங்கே ஒரு தொல்லை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சுவிட்சர்லாந்து. காய்கறிக் கடைக்குப் போகும் வழியிலேயே போன் ஜெர்மனி டவரை விட்டுவிட்டு அந்த நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும். எந்த நிமிடம் எந்த நாட்டுக் கணக்கில் ஓடுகிறதென்றே தெரியாது. அதனால்தான் அணைத்து வைத்திருக்கிறேன்.

வேலை பரவாயில்லை. ஏரியைப் பார்த்த வீடு. மீனா ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பயந்தேன். என்னைவிட அவள்தான் நன்றாகச் சமாளிக்கிறாள். உங்கள் கடிதத்தை முதலில் பிரித்துப் படித்ததும் அவள்தான். உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

பருப்புப்பொடி வேண்டாம். இங்கே சமையல் ஒரு ஆளுக்கு இல்லை அப்பா, இரண்டு ஆளுக்கு. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது.

அன்புடன்,
கிளமெண்ட்

அவனியாபுரம்,
21-10-2024

அன்பு மகன் கிளமெண்டுக்கு அப்பாவின் ஆசீர். நாங்கள் சுகம். நீயும் அவ்விதமே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

நீ எழுதிய சுவிட்சர்லாந்து டவர் விஷயத்தைக் கருத்தக்கண்ணனிடம் படித்துக் காட்டினேன். அரை மணி நேரம் தேடி வழி கண்டுபிடித்துவிட்டான். போனில் நெட்வொர்க் தானாகத் தேர்வு செய்யும் என்று இருக்கும். அதை மாற்றி, ஜெர்மனிக் கம்பெனியை நீயே கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டி வைத்துவிட வேண்டும். பிறகு அது எல்லைக்கு அந்தப்புறம் போகாது. டவர் கிடைக்காவிட்டால் சும்மா கிடக்குமே தவிர பில் ஏறாது. ஊர் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் வழி பார்க்க டேட்டாவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊர் சிம் ஒன்று வாங்கிவிட்டால் மிகவும் மலிவு என்கிறான். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கொடுத்துவிடுவார்களாம். ஏன் இன்னும் வாங்கவில்லை?

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் தினம் சாயங்காலம் ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போய் மாதா கெபியில் சிலைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். நீ போன பிறகு அவளுக்குப் பக்தி கூடிவிட்டது.

கல்லறைத் திருநாளுக்கு உன் தாத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். கோயில் பங்கில் எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள். ஏரி பின்னால் தெரியும்படி உன் போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்பு. நீ மட்டும் நிற்கிற படமாக இருந்தால் ஹாலில் மாட்டத் தோதாக இருக்கும்.

ஆசிகளுடன்,
அப்பா

கான்ஸ்டன்ஸ்,
14-11-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இரண்டு வாரமாக வேலை நெருக்கடி. போட்டோ எடுக்கவில்லை.

மீனாவுக்கு உடம்பு சரியில்லை. வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். நடக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜெர்மன் வகுப்பை நிறுத்திவிட்டாள்.

இதைத் தெரிவிக்கத்தான் எழுதினேன்.

கிளமெண்ட்

அவனியாபுரம்,
4-12-2024

அன்பு மகனுக்கு அப்பாவின் ஆசீரும் திருவருகைக்கால வாழ்த்துகளும். நாங்கள் சுகம். குளிர் காலத்தில் நீ தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் சுருக்கமாக இருந்தது. வேலை நெருக்கடி என்றால் அப்படித்தான். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்து, அதைச் செய்தும் முடித்துவிட்டேன். உன் பழைய நம்பருக்கு இங்கிருந்தே வெளிநாட்டு ரோமிங் பேக் போடலாமாம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து இரண்டுக்கும் செல்லும். முப்பது நாள், இன்கமிங் இலவசம், டேட்டாவும் உண்டு. பென்ஷன் வந்த அன்றே கருத்தக்கண்ணன் கடையில் போட்டுவிட்டேன். "எந்த டவரப் புடிச்சாலும் இனிமே கவலயில்ல கிளார்க் சார்" என்றான். என்ன விலை என்று நீ கேட்க வேண்டாம். மகனோடு பேசுவதற்குச் செலவு செய்யாமல் எதற்குச் செய்யப் போகிறேன்?

கிறிஸ்துமஸ் அன்று திருப்பலி முடிந்து வந்து, காலை பத்து மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிடு. உன் குரலைக் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. எனக்கும் அறுபத்தெட்டு வயது.

ஆசிகளுடன்,
அப்பா

அவனியாபுரம்,
27-12-2024

கிளமெண்டுக்கு,

பத்து மணிக்கு உட்கார்ந்தேன். மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. உன் சித்தப்பா வீட்டிலிருந்து கேக் கொண்டு வந்தவர்களிடம் நீ கூப்பிடப்போகிறாய் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர்களும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மா கோயிலுக்குப் போனவள் வெகு நேரம் கழித்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னவென்று கேட்டேன். கால் வலி என்றாள். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பேக் இன்னும் தொடங்கவே இல்லை என்று கருத்தக்கண்ணன் சொல்கிறான். சிம்மைப் போனில் போட்டு ஆன் செய்தால்தான் தொடங்குமாம். நான் எழுதியது கிடைத்ததா இல்லையா?

அப்பா

கான்ஸ்டன்ஸ்,
12-1-2025

அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. பழைய சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். உங்கள் பணம் வீணாகிவிட்டது. மன்னியுங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கிளமெண்ட்

அவனியாபுரம்,
1-2-2025

கிளமெண்டுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் செய்யப் போனேன். "கிளார்க் சார், அம்மா போன்ல தினமும் ஒரு ஜிபி ஓடுதே. பெரிய பேக்கா போட்டுறவா?" என்றான் கருத்தக்கண்ணன். அவளுக்கு ஒரு படம் போட்டுப் பார்க்கக்கூடத் தெரியாதே என்றேன். போனைத் தட்டிப் பார்த்தான். "வீடியோ கால் சார். சாயங்காலமானா ஒரு மணி நேரம். ஜெர்மனி நம்பரு" என்றான். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதென்று அவனுக்கே பட்டது. கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். அவள் பயப்படவில்லை.

"ஆமா, பேசுறேன். அவன் போன ரெண்டாம் நாள்ல இருந்து பேசுறேன்."

"கெபிக்குப் போறேன்னு சொல்லிட்டா?"

"கெபியிலதான் உக்காந்து பேசுறேன். மாதாவுக்குத் தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. ஒத்த நாளு, அந்தப் புள்ள எப்படியிருக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே போனக் கையில குடுத்திருப்பேன். அவனும் அப்படித்தான் சொல்லி வச்சான். மிச்சத்த அவன்கிட்டயே கேளுங்க."

இப்போது கேட்கிறேன். ஐந்து மாதமாக நான் கடை கடையாக ஏறி இறங்கி, ரோமிங் என்றால் என்ன, டவர் என்றால் என்ன என்று ஒரு பையனைப் போலப் படித்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பில் ஏறிவிடக் கூடாதே என்று பயந்தேன். நீயும் உன் அம்மாவும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் எட்டுகிற நீ எனக்கு மட்டும் ஏன் எட்டவில்லை? அந்தப் பெண் வந்த பிறகுதான் நீ இப்படி மாறினாய். எனக்கு மட்டும்தான் டேட்டாவுக்கு விலையா?

தனிஸ்லாஸ்

கான்ஸ்டன்ஸ்,
17-2-2025

அப்பாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

இங்கே டேட்டாவுக்குக் காசு அதிகமில்லை. வந்த மறுநாளே இந்த ஊர் சிம் வாங்கிவிட்டேன். எல்லையில் டவர் மாறுவது மட்டும் உண்மை. நீங்கள் எழுதியபடி நெட்வொர்க்கைப் பூட்டினோம். பூட்டியது மீனா. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்தாள். "மாமா எம்புட்டு விசாரிச்சு எழுதுறாங்க பாரு. என் பேர எழுத மட்டும் பேனாவுல மை இல்ல போல" என்று சிரித்தாள். அப்போது சிரித்தாள்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், ஏர்போர்ட் வாசலில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு உங்களோடு பேச வாய் வரவில்லை. என் நெற்றியில் சிலுவை போட்டீர்கள். அடுத்து மீனா தலை குனிந்து நின்றாள். நீங்கள் திரும்பி ட்ராலியில் பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்த்தீர்கள். அவள் குனிந்தபடியே நின்றாள். அம்மாதான் வந்து அவள் தலையில் கை வைத்தாள். அதற்குப் பிறகுதான், டேட்டாவுக்குக் காசு, லெட்டர் போடுங்கள் என்று உங்களிடம் சொன்னேன். நேரில் வராத வார்த்தை எழுதும்போது வந்துவிடும், அப்பா எழுதப் பழகியவர் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. அவளை வீட்டு வாசலுக்குள் விடவில்லை. அவள் அப்பா சின்னக்கருப்பன் யார் வயலில் கூலி வேலை பார்த்தார் என்பதைப் பங்கில் உங்கள் ஆட்களிடம் நீங்களே சொல்லிச் சிரித்ததையும் நான் அறிவேன். அத்தனைக்குப் பிறகும் அவள் உங்களை விசாரித்து எழுதச் சொன்னாள். நீங்கள் என் போனை விசாரித்தீர்கள், தொண்டையை விசாரித்தீர்கள். நான் மட்டும் நிற்கிற போட்டோ கேட்டீர்கள். அந்த வரியை அவள் படித்துவிட்டாள். என்னால் மறைக்க முடியவில்லை.

மீனாவுக்கு உடம்பு சரியில்லை என்று நவம்பரில் எழுதினேன். பதிலுக்கு ரோமிங் பேக் போட்டு அனுப்பினீர்கள்.

அவள் மாசமாக இருந்தாள் அப்பா. டிசம்பர் இருபத்து நான்காம் தேதி மத்தியானம் குழந்தை போய்விட்டது. ஐந்து மாதம். பையன். நீங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரம், அவனை எங்கே அடக்கம் செய்வது என்று கேட்டு ஒரு நர்ஸ் என்னிடம் தாளை நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அது கால் வலி இல்லை.

ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அதற்குப் பேக் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கிளமெண்ட்

அவனியாபுரம்,
9-3-2025

மகள் பாண்டிமீனாவுக்கு, கிளமெண்டின் அப்பா எழுதுவது. உன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?

இந்த வரியை எழுத எனக்குப் பத்து நாள் ஆனது. எட்டுத் தாள் கிழித்தேன். ஆபீஸில் ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் எழுதியவன் நான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்குப் போனேன். ஆனிமேரியைக் கூப்பிட்டேன். "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் ஜனவரியிலயே போய்ட்டு வந்துட்டேன்" என்றாள். மாட்டுத்தாவணியில் பஸ் மாறித் திருவாதவூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். உன் அப்பா வயலில் இருந்து வந்து, காலைக் கழுவிவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உன் அம்மா பாண்டியம்மாள் வெளியே வரவில்லை.

"வாங்க சார், உக்காருங்க" என்றார். சம்மந்தி என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்க முடியாது.

பிள்ளை விஷயம் இப்போதுதான் தெரிந்தது என்றேன். "நாங்க அழுது முடிச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு சார்" என்றார். உன்னோடு பேச வேண்டும், நம்பர் கொடுங்கள் என்று கேட்டேன். "புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன் சார். அதுக்கு இஷ்டமில்லாமக் குடுக்கக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு, என் எதிரிலேயே உன்னைக் கூப்பிட்டார். இரண்டு மணி அடித்ததுமே எடுத்துவிட்டாய். "அப்பா, சாப்டீங்களா?" என்ற உன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. இதுவரை நான் உன் குரலைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கிளமெண்டு அப்பா வந்திருக்காரும்மா. ஒன்னோட பேசணுமாம்" என்றார்.

நீ சொன்னாய்: "வேண்டாம்ப்பா. வெயில்ல வந்திருப்பாங்க. மோர் குடுத்து அனுப்புங்க."

உன் அம்மா உள்ளேயிருந்து மோர் கொடுத்தனுப்பினார். குடித்தேன். உன் அப்பா பஸ் ஏற்றிவிட்டு, பஸ் நகரும் வரை நின்றார்.

நான் செய்தது தவறு. உன் கல்யாணத்துக்கு வராதது தவறு. உன் அப்பாவைப் பற்றிப் பேசியது பெரிய தவறு. என் ஆட்கள் என்ன சொல்வார்களோ என்றே வாழ்ந்துவிட்டேன். அவர்களில் ஒருவனிடம்கூட இன்று போய் என் பேரன் இறந்துவிட்டான் என்று சொல்லி அழ முடியவில்லை. அவர்களுக்கு அப்படி ஒருவன் இருந்ததே தெரியாது. உன்னை மருமகள் என்று அவர்களிடம் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஏர்போர்ட்டில் நடந்ததை மட்டும் நீ தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று கூட்டம். பெட்டி சரியப் பார்த்தது. நீ தலை குனிந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் உனக்கும் சிலுவை போட்டிருப்பேன்.

இதற்கு நீ பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தனிஸ்லாஸ்

கான்ஸ்டன்ஸ்,
28-3-2025

ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். என் உடம்பு தேறி வருகிறது. வகுப்புக்குத் திரும்பப் போகத் தொடங்கிவிட்டேன்.

இவருக்கு இங்கேயே வேலையை மூன்று வருடம் நீட்டித்திருக்கிறார்கள். மே மாதம் அத்தை எங்களோடு வந்து இருக்கப் போகிறார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. உங்களுக்கும் எடுக்கலாமா என்று இவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இவர்மேல் வருத்தப்படாதீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் போனதற்கு நன்றி. நீங்கள் போன பிறகு அம்மா ரொம்ப நேரம் அழுததாக அப்பா சொன்னார்.

நீங்கள் எழுதியதில் ஒரு இடம் மட்டும் சரியில்லை. அன்று கூட்டம் இல்லை. வாசலில் நாம் நான்கு பேர்தான் நின்றோம். பெட்டியும் சரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். இவர் நெற்றியிலிருந்து கையை எடுத்ததும் நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நேராகப் பார்த்தீர்கள். அடுத்து எனக்கு என்று நினைத்துத்தான் நான் தலை குனிந்தேன்.

பாண்டிமீனா